எஞ்சிய முக்கால்: இணையவழி உயர்நிலைக் கல்வியும் அறைகூவல்வழிக் கற்றலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் இணையவழி உயர்நிலைப் பள்ளியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். பொருந்தும் என்பதற்கு நன்னூலே சான்று. ஆகவே அங்கிருந்தே தொடங்குவது தகும்.

நன்னூல் கூறும் கணக்கு

ஒருவன் பெறும் புலமையில் ஆசிரியர்க்கு உரிய பங்கு எவ்வளவு என்னும் வினாவுக்குப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பின்னக் கணக்கிலேயே விடை தந்தவர் பவணந்தி முனிவர். ஆசிரியர் உரைத்ததை மாணாக்கன் ஒன்றும் விடாது கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது காற்கூறே என்பது நன்னூற் பொதுப்பாயிரத்தின் முடிபு. உடன் கற்பாரோடு பழகிப் பயில்வதால் இன்னொரு கால் சேரும். தான் கற்றதைப் பிறர்க்குச் செம்மையாக எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரையும் நிறையும்.

அதே பாயிரம் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி முதலிய உவமைகளால் வகைப்படுத்துகிறது. கொள்பவனின் இயல்பை அறிந்து அதற்கேற்பக் கொடுக்கவேண்டும் என்று ஆசிரியர்க்கு விதிக்கிறது. இன்று 'ஆளுக்கேற்ற கல்வி' எனப் புதிய பெயரில் உலகெங்கும் பேசப்படும் கருத்தின் வித்து இதில் உண்டு. ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் நாற்பது பேர்க்கு உரைப்பதைக் கல்வி என்று நன்னூலார் எங்கும் சொல்லவில்லை.

இக்கணக்கை வைத்துக்கொண்டு இன்றைய இணையவழிக் கல்வியை அளந்து பார்க்கலாம். தலைசிறந்த ஆசிரியர் ஒருவரின் உரையைப் பதிவு செய்து திரையில் தந்தாலும், மாணவர் அதனை நூறு முறை கேட்டாலும், கிடைப்பது காற்கூறு. எஞ்சிய முக்கால் எங்கிருந்து வரும்? இவ்வுரை எழுப்ப விரும்பும் வினா இது ஒன்றே.

ஊரும் வினாவும்

இவ்வட்டம் கூடும் ரமணாசிரமப் பகுதிக்கும் கல்விமுறை பற்றிய இவ்வினாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், மதுரையில் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற பதினாறு வயது மாணவர் வேங்கடராமன், பாடத்தைப் படிக்காத குற்றத்துக்குத் தண்டனையாக, பெயின் என்பவரின் ஆங்கில இலக்கண நூலிலிருந்து ஒரு பாடத்தை மூன்று முறை எழுதவேண்டியிருந்தது. இருமுறை எழுதியவர் மூன்றாம் முறைக்குமுன் தாளை ஒதுக்கி வைத்தார். அன்றே வீட்டை விட்டுப் புறப்பட்டவர் செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை வந்தடைந்தார். பின்னாளில் ரமண மகரிஷி என உலகம் அறிந்தவர் அவரே.

அவர் ஞானத்தைப் பற்றிப் பேசுவது இவ்வுரையின் நோக்கமன்று. அவர் பிறர்க்குக் கற்பித்த முறை மட்டும் ஈண்டு கருதத்தக்கது. 1902ஆம் ஆண்டளவில் வருவாய்த் துறை அலுவலர் சிவப்பிரகாசம் பிள்ளை அவரிடம் வினாக்களோடு வந்தார். ரமணர் அப்போது பேசுவதில்லை. விடைகளை எழுதியே காட்டினார். அவ்வினா விடைகளே 1923இல் 'நான் யார்?' என்னும் நூலாக வெளிவந்தன. வினா வந்தவரிடமிருந்து எழுந்தது. விடையும் அவர் தாமே ஆராய்ந்து அறியவேண்டிய ஒன்றாகத் திருப்பித் தரப்பட்டது. எழுதி நிரப்பும் தண்டனைப் பாடத்தினின்றும் விலகி வந்த ஒருவர் இவ்வூரில் கைக்கொண்ட முறை இது.

புலவர் மரபில் அறைகூவல்

'அறைகூவல்வழிக் கற்றல்' என்னும் பெயரில் ஆப்பிள் நிறுவனம் 2008இல் ஒரு கல்வித் திட்டத்தை வகுத்தது. முதலில் ஒரு பெரும் பொருளோடு மாணவர் ஈடுபடுகிறார், அதிலிருந்து தம் வினாவை வடிக்கிறார், அவ்வினாவைச் செய்து முடிக்கத்தக்க ஓர் அறைகூவலாக்குகிறார், ஆராய்கிறார், இறுதியில் தம் சூழலில் ஒரு தீர்வைச் செயற்படுத்திப் பிறர்முன் வைக்கிறார். பாடநூல் இங்கே தொடக்கமன்று. தேவைப்படும்போது நாடும் துணை.

பெயர் புதிதாயினும் தமிழ்ப் புலவர்க்கு இம்முறை அயலானதன்று. ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்வது எத்தகைய பயிற்சி? முடிவு தரப்பட்டுவிட்டது, அதனை அடையும் வழியைப் பாடுவோரே காணவேண்டும். தளை தட்டாமல் அங்குச் சென்று சேர்வதற்குள் யாப்பிலக்கணத்தின் பெரும்பகுதி கைவந்துவிடும். விதியை ஓதிக் கற்பவர்க்கும் ஈற்றடியோடு மல்லாடிக் கற்பவர்க்கும் உள்ள வேற்றுமையை இங்குள்ள கவிஞர்கள் நன்கு அறிவர்.

பெரிய அறைகூவல் ஒன்றும் தமிழ் வரலாற்றில் உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல் பாடம் கேட்டவர் உ.வே.சாமிநாதையர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் என அவர் கற்ற நூல்கள் மிகப் பல. 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டபோது அப்பட்டியலைச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைக் கற்றதுண்டா என வினவினார். அந்நூலின் படியையும் பின்னர்த் தந்து பாடம் சொல்லுமாறு கேட்டார். சாமிநாதையர்க்கு அந்நூலைச் சொல்லித்தர ஆசிரியர் எவரும் இல்லை. சமண சமயக் கருத்துகளை அறியக் குடந்தைச் சமணரின் இல்லங்களை நாடினார். ஏடுகளைத் தேடினார், ஒப்பிட்டார், நச்சினார்க்கினியர் உரையினின்றும் பிற நூல்களை அறிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது.

இந்நிகழ்ச்சியை நன்னூற் கணக்கில் பொருத்திப் பார்க்கலாம். மகாவித்துவான் தந்தது காற்கூறு. அது இன்றேல் மற்றவை இல்லை. குடந்தைச் சமணரோடும் நண்பரோடும் பயின்றது இன்னொரு கால். முதலியார்க்குப் பாடம் சொல்லவும், பின்னர் உலகுக்குப் பதிப்பித்துத் தரவும் நேர்ந்தது எஞ்சிய அரை. முதலியாரின் ஒரு வினா, கேட்கப்பட்டவரின் தகுதியை அளந்து கேட்கப்பட்டது. அதே வினா வேறொருவரிடம் கேட்கப்பட்டிருந்தால் வெறும் அவமதிப்பாய் முடிந்திருக்கும். ஆளறிந்து வைக்கப்படும் அறைகூவலே கல்வியாகிறது.

ஏணி நின்ற இடம்

தமிழகத்தின் அரசுப் பள்ளிகளில் ஆளுக்கேற்ற கல்வியைப் பேரளவில் செய்து பார்த்த முயற்சி செயல்வழிக் கற்றல். ரிஷிவேலிக் கல்விமையம் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென உருவாக்கிய முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அது தொடங்கியது. 2007இல் மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. பாடம் சிறுசிறு அட்டைகளாகப் பகுக்கப்பட்டது. 'கற்றல் ஏணி' சுவரில் தொங்கியது. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைக் குழந்தை தானே அறிந்து, அடுத்த அட்டையைத் தானே எடுத்தது. ஒரு வாரம் நோயுற்றுத் திரும்பிய குழந்தை விட்ட படியிலிருந்தே தொடர முடிந்தது. கரும்பலகையும் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது. அட்டைகளே பாடமாகி ஆசிரியர் ஒதுங்கிவிடும் குறையும் அதில் இருந்தது. பின்னாளில் அம்முறை பலவாறு மாற்றம் பெற்றது. ஆயினும் அந்த ஏணி தொடக்கப் பள்ளியோடு நின்றது என்பதே இங்குக் குறிக்கத்தக்கது.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, 2019இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி பாடங்களை வீடுகளுக்குக் கொண்டு சென்றது. காற்கூறு வீடு தேடிப் போயிற்று எனலாம். அது போதாது என்பதை அரசே உணர்ந்ததன் அடையாளம், 2021 அக்டோபரில் அண்டை மாவட்டமான விழுப்புரத்தில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி'. ஏறத்தாழ இருபது குழந்தைகளுக்கு ஒரு தன்னார்வலர் என, மாலை நேரங்களில் தெருவோரத்திலும் கோயில் மண்டபத்திலும் அமர்ந்து கற்பித்தனர். திரையால் இயலாததை அண்டை வீட்டு அக்காள் செய்தாள். அத்திட்டமும் எட்டாம் வகுப்புவரைக்கு உரியதாகவே அமைந்தது.

ஒன்பதாம் வகுப்பு வந்தவுடன் ஏணியும் இல்லை, அக்காளும் இல்லை. பொதுத்தேர்வின் நிழல் விழுந்துவிடுகிறது. பதினான்கு வயதில்தான் பிள்ளைக்குத் தன் வினா முளைக்கிறது. அந்த வயதில்தான் வினாத்தாளின் வினாவைத் தவிர வேறு வினா வேண்டாம் என்று சொல்லப்படுகிறது. இந்த இடைவெளியில்தான் மாற்று உயர்நிலைப் பள்ளி வந்து நிற்கிறது.

திரை தருவதும் தராததும்

இணையவழி மாற்று உயர்நிலைப் பள்ளியின் அமைப்பு எளிது. வயதொத்த வகுப்பு என்பது இல்லை. ஒவ்வொருவர்க்கும் தனித் திட்டம்; ஒவ்வொருவர்க்கும் ஒரு வழிகாட்டி; பாடத்தினும் பணிக்கு முதன்மை; தேர்வுத்தாளினும் செய்து முடித்த பணிகளின் தொகுப்புக்கு மதிப்பு. நெடுநாள் நோயாளியான பிள்ளை, பெற்றோரின் வேலையால் ஊர்விட்டு ஊர் பெயரும் பிள்ளை, வழக்கமான பள்ளியில் ஒட்டாது போன பிள்ளை ஆகியோர்க்கு இது கதவைத் திறக்கிறது. பல நாட்டார் தங்கி வாழும் ரமணாசிரமப் பகுதியில் இவ்வாறு வீட்டிலிருந்தே திரைவழிப் பயில்வோர் இருப்பது வியப்பன்று.

இந்தியாவில் இதற்கான சட்டப்படியான வழி புதிதன்று. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1979இல் ஒரு திட்டமாகத் தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி, 1989இல் தனி நிறுவனமாயிற்று. ஒருமுறை பதிந்தால் ஐந்தாண்டுக்குச் செல்லும். அதற்குள் ஒன்பது பொதுத்தேர்வு வாய்ப்புகள் உண்டு. தேறிய பாடங்கள் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். தமிழும் ஒரு மொழிப்பாடமாக உண்டு. அந்நிறுவனம் 2021இல் மெய்நிகர்ப் பள்ளியையும், தில்லி அரசு 2022இல் ஒன்பதாம் வகுப்பு முதலான மெய்நிகர்ப் பள்ளியையும் தொடங்கின. வேகம் மாணவர் கையில் வந்துவிட்டது. ஆனால் அறைகூவல் வைப்பார் இல்லாத இடத்தில், இந்த உரிமை பாடநூலோடு தனித்து விடப்படுவதாக மாறிவிடுகிறது.

தமிழுலகம் இத்துறையில் பிந்திவிடவில்லை. 'குலோத்துங்கன்' என்னும் பெயரில் கவிதை எழுதிய வா.செ.குழந்தைசாமி, நீரியல் அறிஞர். 1990 முதல் 1994 வரை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரும் அவரே. கடல் கடந்த தமிழரின் பிள்ளைகள் தம் இடத்திலிருந்தே தமிழ் கற்கும் வழியை அது காட்டியது. தொலைநிலைக் கல்வியைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் ஒரு கவிஞர் என்பதை இவ்வவை பெருமையோடு நினைக்கலாம்.

இனித் திரையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருசேரக் காட்டும் ஆய்வு ஒன்று. கல்வியாய்வாளர் சுகதா மித்ரா தம் துணையாய்வாளரோடு காளிக்குப்பம் என்னும் தமிழ்ச் சிற்றூரில் நிகழ்த்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு அது. அங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளிடம் பொதுக் கணிப்பொறி ஒன்று தரப்பட்டது. அதிலிருந்த பாடமோ மூலக்கூற்று உயிரியல், மொழியோ ஆங்கிலம். ஆசிரியர் இல்லை. பிள்ளைகள் தமக்குள் கூடிப் பயின்று, பாடம் கற்பிக்கப்பட்ட அண்மை அரசுப் பள்ளி மாணவர்க்கு ஒப்பான மதிப்பெண் பெற்றனர். பின்னர் அவ்வுயிரியலை அறியாத ஒருவர் அவர்களிடம் பரிவோடு வினவி ஊக்கும் துணையாக அமர்த்தப்பட்டார். அதன்பின் அவர்கள் தில்லியின் வசதிமிக்க தனியார் பள்ளி மாணவர்க்கு நிகராயினர்.

முதல் வெற்றி பிள்ளைகள் கூடிப் பயின்றதன் பயன். இரண்டாம் வெற்றி, தாம் அறிந்ததை அறியாத ஒருவர்க்கு நாள்தோறும் எடுத்துச் சொல்ல நேர்ந்ததன் பயன் எனக் கொள்ளலாம். நன்னூலின் இரண்டாம் காலும் எஞ்சிய அரையும் கணிப்பொறியின் முன்னும் அதே முறையில் வேலை செய்திருக்கின்றன.

எனவே இணையவழிப் பள்ளியைத் தெரிந்தெடுக்கும் பெற்றோர் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. என் பிள்ளையை அறிந்து பணி தருபவர் யார்? அவன் யாரோடு சேர்ந்து பயில்வான்? கற்றதை யாருக்கு எடுத்துரைப்பான்? மூன்றுக்கும் விடையில்லாத பள்ளி காற்கூறுக்கே கட்டணம் பெறுகிறது. தவறிய விடைகளை எண்ணி அடுத்த பயிற்சியைப் பொறியே பரிந்துரைக்கும் ஏற்பாடுகள் இன்று பெருகிவிட்டன. ஒரு பிள்ளை தவறிய இடத்தை அப்பொறி காட்டும். அவன் ஏன் இன்று வாய் திறக்கவில்லை என்பதை அறிய அவனை அறிந்த மனிதர் வேண்டும்.

மலைபடுகடாம்: ஒரு பணி

இவ்வூரிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. கணத்தம்பூண்டியில் 2009இல் தொடங்கப்பட்ட மருதம் பண்ணைப் பள்ளி இணையவழிப் பள்ளியன்று. சிற்றூர்ப் பிள்ளைகளும் வெளியிடங்களிலிருந்து வந்து குடியேறியோரின் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகப் பயில்கின்றனர். பண்ணையும் கைத்தொழிலும் அங்குப் பாடம். அதனை நடத்தும் அறக்கட்டளை அண்ணாமலைச் சரிவுகளில் மீண்டும் காடு வளர்க்கும் பணியிலும் ஈடுபட்டு வருகிறது. மலை அங்கே கற்கும் களமாகிவிடுகிறது. இத்தகைய களம் திரைவழிப் பயிலும் பிள்ளைக்குக் கிட்டாதா என்பதே அடுத்த வினா.

கிட்டும், இலக்கியம் அதற்கு வழி தரும். ரமணாசிரமம் அமைந்த செங்கம் சாலையிலேயே மேற்கே சென்றால் செங்கம். பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம் போற்றும் நன்னனின் செங்கண்மா அதுவே. 583 அடிகளைக் கொண்ட அப்பாட்டு, பரிசில் பெற்ற கூத்தன் பெறாத கூத்தனுக்கு வழி சொல்லும் ஆற்றுப்படை. விளைபயிர்கள், மலையில் எழும் பல்வேறு ஓசைகள், பன்றிக்கு வைத்த பொறி, பாய்ந்துவரும் கவண்கல், பாம்பு உறையும் இடம் என வழியின் வளமும் இடரும் அதில் வரிசையாகச் சொல்லப்படுகின்றன.

இதனை நான்கு பிள்ளைகளுக்கு நான்கு அறைகூவலாக வைக்கலாம். செடிகொடிகளில் நாட்டமுள்ள மாணவி, பாட்டில் வரும் பயிர்களையும் மரங்களையும் பட்டியலிட்டு, அவற்றுள் எவை இன்றும் இவ்வட்டாரத்தில் உள்ளன என்று முதியோரைக் கேட்டு அறியட்டும். கணக்கில் வல்ல மாணவன் வழியின் தொலைவையும் ஏற்ற இறக்கத்தையும் அளந்து படம் வரையட்டும். இசையில் தோய்ந்தவர் மலையின் ஓசைகளைப் பாட்டோடு ஒப்பிட்டுப் பதிவு செய்யட்டும். கனடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்து திரைவழிச் சேரும் தமிழ்ப் பிள்ளை, தன் ஊரில் ஒரு வழியைத் தெரிந்து, புதிதாய் வருவோர்க்கு ஓர் ஆற்றுப்படை எழுதட்டும். நூல் ஒன்று, பணி ஆளுக்கு ஒன்று. திரை நால்வரையும் கூட்டி வைக்கும். நால்வரும் ஒருவர்க்கொருவர் எடுத்துரைக்கும் நாளில் முக்காலும் நிறையும்.

வட்டத்தின் பங்கு

இவ்வாறு சொல்வதற்குக் காரணம் ஒன்று உண்டு. இணையவழி மாற்றுப் பள்ளிகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இயங்குகின்றன. அறைகூவல்கள் ஆங்கிலத்தில் எழுகின்றன. ஆராய்ச்சியும் அம்மொழியில் நிகழ்கிறது. தமிழ் அங்கே இருந்தாலும் மதிப்பெண்ணுக்கான ஒரு தாளாக ஓரத்தில் இருக்கிறது. சிந்திக்கும் வேலை தரப்படாத மொழி, பதினைந்து வயதுப் பிள்ளையின் உள்ளத்தில் எத்தனை நாள் தங்கும்? அண்ணாமலையின் அடிவாரத்தில் வளரும் பிள்ளை மலைபடுகடாத்தின் பெயரைக்கூடக் கேளாமல் உயர்நிலைக் கல்வியை முடித்துச் செல்லும் நிலை வரக்கூடும். தமிழ் இழக்கக்கூடியது இது.

அரசும் பள்ளிகளும் செய்யவேண்டியவை பல. உயர்நிலை வகுப்புகளுக்கும் தன்னார்வலர் துணை நீளவேண்டும். திறந்தநிலைப் பள்ளியில் தமிழைத் தெரிந்தெடுப்போர்க்குப் பணிவழிக் கற்றல் ஏடுகள் வேண்டும். அவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை படித்தும் திருத்தியும் வந்த இவ்வட்டத்தில், பிறர் எழுத்தைப் பொறுமையோடு படித்து ஒரு சொல்லில் வழிகாட்டும் பயிற்சி பெற்றவர்கள் பலர் உள்ளனர். இணையவழிப் பள்ளிக்கு இல்லாத செல்வம் இதுவே. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளையை ஏற்று, நேரிலோ திரைவழியோ பழகி, அவனையோ அவளையோ அறிந்தபின் ஓர் ஈற்றடி கொடுக்கலாம். அது வெண்பாவாக இருக்கவேண்டியதில்லை. ஏரிக்கரைக் கல்வெட்டு ஒன்றைப் படித்து வா என்பதாகவும் இருக்கலாம். பாட்டியின் பேச்சில் வழங்கும் நூறு சொற்களைத் தொகு என்பதாகவும் இருக்கலாம். ஆண்டு நிறைவில் அப்பிள்ளைகள் இதே அவையில் நின்று தாம் கண்டதை எடுத்துரைக்க அரைமணி ஒதுக்கினால் போதும்.

மலைபடுகடாத்தின் கூத்தன், வழி பிரியும் இடங்களில் பின்வருவோர் அறியும்படி புல்லை முடிந்து அடையாளமிட்டுச் செல்லுமாறு சொல்கிறான். வழியைக் கடந்தவர்க்கு அது சிறு வேலை. பின்வருபவர்க்கு அதுவே வழி. வட்டத்தின் பதினோராம் ஆண்டு அவ்வேலையோடு தொடங்குமாக.